பழவேற்காட்டுப் படகில் நீ அறைந்த அறை

தினேஷ்,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் "சிக்னல் இல்லம்மா" என்று கட் பண்ணிவிடுகிறவன் நீ. பத்து நாளைக்கு முன்னால் கூப்பிட்டாயே, அன்றைக்கு மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டாய். புடவைக் கலர் பிடித்திருக்கிறதா என்று கேட்டாய். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்காகக் கூப்பிட்டாயோ அதற்கு வந்தாய். "அந்த போட் மேட்டர மண்டபத்துல எவன் கேட்டாலும், இருட்டுல நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடும்மா. மேனேஜர் சார் வேற வராரு." நான் பதில் பேசவில்லை. அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாய். எனக்கு வந்தது கோபமாக இருந்தால் கடிதம் வரை போயிருக்க மாட்டேன். கோபம் வந்தால் நான் பாத்திரத்தை உருட்டுவேன், அதோடு தீர்ந்துவிடும் என்று உனக்கே தெரியும். வந்தது வேறு. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு வரக்கூடாத இளப்பம் வந்தது. அதை மனசில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் நின்று உன் தலையில் அட்சதை போட என்னால் ஆகாது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை புதுவாயல் வீட்டுக்கு வந்து, "அம்மா, ராத்திரில கடலுக்குப் போலாம் வா, படகுல ஒரு சீட் இருக்குது" என்றாய். உன் அப்பா போனதற்கப்புறம் என்னை நீ எங்கேயும் கூட்டிப்போனதில்லை. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், என் பிள்ளை என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகிறான் என்று. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். பழவேற்காட்டில் படகு நிற்கிற இடத்துக்குப் போனதும் காரின் டிக்கியைத் திறந்து ஒரு பையை என் கையில் கொடுத்தாய். உள்ளே மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு, கத்தி, சின்ன கேஸ் அடுப்பு. உன் மேனேஜரிடம், "எங்க அம்மா சார், இறால் கம்பெனில இருந்தவங்க, மீன் ஆயறதுல எக்ஸ்பர்ட்" என்றாய். அவர் எனக்குக் கை கூப்பவில்லை. "குட், குட்" என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு எதற்காக சீட் இருந்தது என்று தெரிந்தது. அங்கேயே பையை உன் காலடியில் வைத்துவிட்டு பஸ் பிடித்திருக்க வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். என்னைப் பார்த்தும் எனக்கு இளப்பம்தான், உனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே.

படகில் மொத்தம் ஏழு பேர். நீ, நான், உன் மேனேஜர். மற்ற இரண்டு சீட்டை மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு பையன்கள் எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை, தூண்டில் போடுவதற்காகவே மாதம் ஒரு தரம் இப்படி வருவதாகச் சொன்னார்கள். படகை ஓட்டினவர் ஏழுமலை. ஐம்பது வயசு இருக்கும், பழவேற்காட்டுக்காரர். கூட அவருடைய மச்சான் தாஸ். படகு அவர்களுடையது இல்லை. படகுக்காரர் மெட்ராஸில் உட்கார்ந்து நெட்டில் ஆள் பிடிக்கிறார், இவர்கள் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ராத்திரி முழுக்க அவரை நீ டிரைவர் என்றுதான் கூப்பிட்டாய். ஒரு தரம்கூடப் பேர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஏரியைத் தாண்டி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போய்விட்டோம். தெற்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. நங்கூரம் போட்டார்கள். அதற்கப்புறம் உன் மேனேஜர் பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டுமா? நெற்றியில் சுரங்கத்துக்குப் போகிறவர் மாதிரி விளக்கு, உடம்பு முழுக்க ஜிப் வைத்த பை, கையில் புதுத் தூண்டில். அதிலிருந்த விலைச்சீட்டை இன்னும் பிய்க்கவில்லை. முதலில் அவருக்கு மாட்டினது ஒரு கெளுத்தி. ஏழுமலை, "முள்ளு குத்திடும் சார், கை வைக்காதீங்க" என்று ஓடி வருவதற்குள் அதைக் கட்டிப் பிடிக்கப் பார்த்து, தூண்டிலைப் போட்டுவிட்டு என் மேல் வந்து விழுந்தார். அந்தப் பையன்களில் ஒருவன் பெரிய பாரை ஒன்றைச் சத்தமில்லாமல் இழுத்து ஏற்றினான். உன் சார் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். நீ எடுத்தாய். ஒன்று இல்லை, பதினைந்து இருபது. மீன் நழுவாமல் அந்தப் பையனை வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவன் கை போட்டோவில் விழாமல் ஒதுங்கச் சொல்லி, நீயே எடுத்து, நீயே "சூப்பர் சார்" என்றாய். அவர் தும்மினால் நீ துண்டு எடுத்துக் கொடுத்தாய். பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். அதற்கு அர்த்தம் இது என்று எங்கே படித்தாய்? நான் ஒரு மூலையில் குந்திக்கொண்டு சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி தாண்டியிருக்கும். ஏழுமலை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, காற்று திரும்பிவிட்டது, கிளம்பலாம் என்றார். உன் சாருக்கு அப்போதுதான் ஒரு பெரிய மீன் நூலை அறுத்துக்கொண்டு போயிருந்தது. விடிய விடிய என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டார். ஏழுமலை பொறுமையாகச் சொன்னார். "சார், இப்ப போனா முகத்துவாரம் தாண்டிடலாம். அப்பால ஏரித் தண்ணி வத்தி வெளிய இழுக்கும், கடல் அலை உள்ள தள்ளும். ரெண்டும் மோதற எடத்துல மணல் திட்டு. அதுல ஏறினா படகு பொரண்டுடும்." குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி சொன்னார். நீ எழுந்தாய். "நீ டிரைவரு. நிக்கச் சொன்னா நிக்கணும், ஓட்டச் சொன்னா ஓட்டணும்" என்றாய். உடனே படகுக்காரருக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் தூங்குவதற்காகப் பாதியில் திரும்பப் பார்க்கிறான் என்றாய். அவர் ஏழுமலையிடம் என்ன சொன்னாரோ, ஏழுமலை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அப்போது உன்னிடம், "கடல்காரரு சொல்றத கேளுடா" என்றேன். "நீ மீனப் பாரும்மா" என்றாய். நான் மீனைப் பார்த்தேன். வறுத்தேன். உன் சார் நாலு துண்டு சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு அந்த நாலு துண்டும் வெளியே வந்தது. படகு தொட்டில் மாதிரி ஆடினது போய், யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினுக்கு பேட்டரி வேண்டும் என்று ஏழுமலை விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். என் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, "அம்மா, கயித்து மேல அடிச்சிக்கினு இருங்க, தேயுதான்னு பாக்கணும்" என்றார். நான் முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றின் மேல் வெளிச்சம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் உன் சார், உடனே கரைக்குப் போக வேண்டும், எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அழுதார். கிளம்ப வேண்டும் என்று சொன்னபோது கிளம்பாதவர், கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பு என்றார். அழுததற்காக நான் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. எனக்கும் பயம்தான், பெரியபாளையத்து அம்மனை எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்தப் பையன்களும் பயந்தார்கள், வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களே.

நீ தட்டுத் தடுமாறி முன்பக்கம் வந்தாய். படகை எடு என்றாய். ஏழுமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டே, இப்போது முகத்துவாரத்தில் நுழைந்தால் எல்லோரும் போய்விடுவோம், விடிகிற நேரத்தில் தண்ணீர் ஏறும், அதுவரைக்கும் இங்கேயே படகின் மூக்கை அலைப்பக்கம் வைத்து நிற்பதுதான் வழி என்றார். சாருக்கு முடியவில்லை என்று கத்தினாய். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். நீ அவரை அறைந்தாய். உன் அப்பாவுக்கு இருந்திருக்க வேண்டிய வயசு அவருக்கு. ஈரக் கயிறு கையிலிருந்து நழுவி, படகின் விளிம்பில் கை மடங்கி, அதன் மேலேயே விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் காற்றிலும் கேட்டது. இருட்டில் ஒன்றும் பார்க்கவில்லை என்று என்னைச் சொல்லச் சொல்கிறாயே தினேஷ், டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான். அந்த வெளிச்சத்தில்தான் நீ குறி பார்த்து அடித்தாய்.

அவர் எழுந்து உன்னைத் திருப்பி அடிப்பார் என்று நினைத்தேன். தாஸ் எஞ்சினை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தான். ஏழுமலை இடது கையைக் காட்டி அவனை நிறுத்தினார். உன்னைப் பார்த்து, "இன்னும் அடிக்கணும்னா அடிச்சிக்கோ. படக நான் இப்ப எடுக்க மாட்டேன். காலைல ஏழு பேரையும் கரைல எறக்குவேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். என் முந்தானையைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டினேன். நீ பின்னால் போய் உன் சாரின் தலையைப் பிடித்துவிட்டாய். கிழக்கே வெளுத்து, தண்ணீர் ஏறுகிறது என்று பார்த்த பிறகு தாஸை ஓட்டச் சொல்லி, தான் முன்னால் நின்று வலது, இடது என்று வழி சொல்லி, முகத்துவாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் கொண்டுவந்து இறக்கினார். நீ இறங்கித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரில் உன் சார் தூங்கினதும் நீ படகுக்காரருக்குப் போன் பண்ணினாய். பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் டிரைவர் குடித்திருந்தான், நிற்க முடியாமல் அவனே விழுந்து கையை உடைத்துக்கொண்டான், எங்கள் உயிர் போகப் பார்த்தது என்றாய். சத்தம் நடுங்கவே இல்லை. அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்தி அதையே அந்தப் படகின் நெட் பக்கத்திலும் எழுதினாய். அவர் போலீஸுக்குப் போனால் கல்யாணமும் கெடும், பிரமோஷனும் கெடும் என்று உனக்குப் பயம், அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. பயந்தவன் ஓடுவான், ஒளிவான். நீ அடிபட்டவன் பேரில் சேற்றைப் பூசினாய். புதுவாயலில் என்னை இறக்கிவிடும்போது, "இன்னாம்மா, ஒரு மாதிரிக்கீற?" என்றாய். தலைவலி என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை நீ வேறு எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்தாய் என்று நான் சொன்னால் அது பொய். நீ அஞ்சாவது படிக்கும்போது இறால் கம்பெனியில் என்னோடு செல்வி என்று ஒருத்தி உட்கார்ந்து தோல் உரிப்பாள். ஆரம்பாக்கத்துப் பக்கம், தெலுங்கு கலந்து பேசுவாள். உனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் டப்பில் இருக்கிற இறாலையும் சேர்த்து உரித்து, நான் வேலை செய்த மாதிரி காட்டுவாள். ஒரு நாள் ஒரு பெட்டி இறால் குறைந்தது. சூப்பர்வைசர் ஏற்றும்போது விட்ட தப்பு அது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் தலை தப்புவதற்கு ஒருத்தி வேண்டும். செல்வி தன் கூடையில் மறைத்து எடுத்துப்போனதை நான் பார்த்தேன் என்று ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். அடுத்த மாசம் லைன் லீடர் வேலை காலியாகிறது என்றான். உன் அப்பா படுத்த படுக்கை. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே செல்வியை வெளியே அனுப்பினார்கள். அவள் கேட்டில் நின்று என்னை ஒரு தரம் பார்த்தாள், கத்தவில்லை. நான் லைன் லீடர் ஆனேன், நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனாய்.

நீ காலேஜில் இருந்தபோது ஒரு ஆடி மாதம் பெரியபாளையத்தில் அவளைப் பார்த்தேன். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வேப்பிலை விற்றுக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாம் என்று திரும்பினேன், கூப்பிட்டுவிட்டாள். "உன் புள்ள இன்னா படிக்கிறான்?" என்று கேட்டாள். இன்ஜினியரிங் என்றேன். "நல்லா வரணும் நைனா" என்றாள், நீ எதிரில் நிற்கிற மாதிரி. என் கையில் ஒரு கொத்து வேப்பிலையைத் திணித்து, காசு வாங்க மாட்டேன் என்றாள். நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. உன்னை நல்ல சட்டை போட்டவனாக வளர்த்தேன். அந்தச் சட்டை எதில் வந்தது என்று சொல்லாமல் வளர்த்தேன். என் தப்பு அது. அதற்காக உன்னுடையது சிறியதாகிவிடாது.

நீ போன் பண்ணின மறுநாள் பொன்னேரி போய் பஸ் மாறிப் பழவேற்காடு போனேன். ஏழுமலை வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. குடித்துவிட்டுப் படகு ஓட்டினவர் வீடா என்று கேட்டே வழி சொன்னார்கள். அவருடைய ஊரில் உன் பொய்யைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். படகுக்காரர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மற்ற படகுக்காரர்களும் கூப்பிடவில்லை. கட்டுப் பிரித்தும் விரல் மடங்கவில்லை, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்து உள்ளே போய்விட்டார். ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. போலீஸுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "குடிகாரன் சொன்னா எவன் எழுதுவான்மா?" என்றார். அவருக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, "நான் குடிக்கலன்னு ஊர்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பசங்க முன்னாடி தலநிமிரணும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். படகுக்காரரையும் வரவழைத்தார்கள். அத்தனை ஆம்பளைகள் நடுவில் நின்று, உன் பேர், உன் வேலை, நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பது எல்லாவற்றையும் சொல்லி, அடித்ததை, கார் ஓட்டிக்கொண்டே பொய் சொன்னதை, நான் மூன்று மாதம் வாய் மூடிக் கிடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். வாழ்க்கையில் இரண்டாவது தரம் சாட்சிக் கையெழுத்து. அந்தக் கம்ப்யூட்டர் பையன்களுக்கு தாஸ் போன் பண்ண, அவர்களும் ஆமாம் என்று சொன்னார்கள். கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போம் என்றார்களாம். கேட்காமல் சொல்ல வேண்டும் என்று அவர்களையும் யாரும் வளர்க்கவில்லை போலிருக்கிறது. படகுக்காரர் எல்லார் முன்னாலும் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டு, விரல் சரியானதும் வேலைக்கு வரச் சொன்னார். விரல் சரியாகுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஏழுமலை இனி போலீஸுக்குப் போவாரா, மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. போனால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் நீ அங்கே போக வேண்டும். உன் சாரைக் கூட்டிக்கொண்டு போகாதே, பழக்கூடை கொண்டுபோகாதே. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நெட்டில் எழுதினதை அழித்துவிட்டு, உண்மையை அதே இடத்தில் எழுதிவிட்டு, அதற்கப்புறம் அவர் என்ன சொல்கிறாரோ கேட்டுக்கொள். போவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே இருக்கிறவனுக்குக் குனிந்தே பழகினவன் கீழே இருக்கிறவன் முன்னால் போய் நிற்க நாளாகும். எனக்கு அதற்கு இருபது வருஷம் ஆனது. செல்வியைத் தேடி இந்த வாரம் பெரியபாளையம் போனேன். இரண்டு வருஷமாகவே வருவதில்லை என்றார்கள். உனக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாதே.

கடைசியாக ஒன்று. உனக்கு நிச்சயம் பண்ணின ஷாலினி முந்தாநாள் என்னைப் பார்க்க வந்தாள். லேபில் வேலை முடித்து, யூனிபார்மோடு, தனியாக வந்தாள். பத்திரிகை வைக்க எல்லோருமாகப் போன இடத்தில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, தன் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாள். உன் மேல் இல்லை என்றேன். பின்னே யார் மேல் என்றாள். சொன்னேன், செல்வியிலிருந்து ஆரம்பித்துப் பஞ்சாயத்து வரைக்கும். கொடுத்த டீயை அவள் குடிக்கவே இல்லை. கல்யாணத்தை நிறுத்தப் போகிறேன் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நிறுத்த மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "அத்தை, அவரு பொய் சொல்லும்போது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

உன்னைப் பெற்று முப்பது வருஷம் ஆகிறது. உன் மூஞ்சியில் எது எப்போது மாறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மூன்று அடையாளம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் எழுந்தாள். அது என்னென்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் மாற்றிக்கொள்வாய்.